ஏற்ற இறக்கத்தையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துருக்கிச் சுற்றுலா பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை வாசித்தேன். இஸ்தான்புல்லுக்கும் கப்படோசியாவுக்கும் பத்தி பத்தியாக எழுதியவர், சஃப்ரன்போலு என்ற மலையோரப் பழைய ஊரை மட்டும் "அரைநாளில் பார்த்துவிடலாம், படம் எடுக்க நல்ல இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கொழும்பில் பயணம் ஒழுங்கு செய்கிறவர்களின் துண்டுப்பிரசுரங்களிலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருக்கிறது. எங்களைக் கூட்டிப்போனவர்கள் அதற்குக் கீழே "இலகுவான நடை" என்று வேறு போட்டிருந்தார்கள். அது பற்றித்தான் எழுத வந்தேன்.

நேரடி விமானம் வந்தபின் இங்கிருந்து துருக்கிக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். எங்கள் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல பென்சன் எடுத்தவர்கள். முழங்கால் நோ, இருதய மாத்திரை, சீனி வருத்தம் எல்லாம் எங்களோடு விமானம் ஏறியவைதான். அப்படிப்பட்ட கூட்டத்தை அங்காராவில் விடியற்காலையில் எழுப்பி, மூன்று மணித்தியாலம் வாகனத்தில் இருத்தி, போன வழியே அன்று மாலை திருப்பிக் கூட்டிவருவதுதான் இந்த "ஒருநாள் பயணம்". நடுவில் ஊருக்கு என்று மிஞ்சியது இரண்டரை மணித்தியாலம். அதிலும் ஒரு பங்கு இனிப்புக் கடைக்கு.

சரி, ஊரைச் சொல்கிறேன். கறாபுக் மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் பழைய கடைத்தெரு. அதைச் சுற்றிச் சரிவெல்லாம் வீடுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ரயில் வரும்வரை கிழக்கு மேற்கு வணிகப் பாதையில் சாத்துகள், அதாவது வியாபாரிகளின் பயணக் கூட்டங்கள், தங்கிப்போன ஊர். ஒட்டோமான் காலத்தில், குறிப்பாக 17ஆம் நூற்றாண்டில், செழித்தது. ரயில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1937இல் பக்கத்துக் கறாபுக்கில் இரும்பு ஆலைக்கு அத்திவாரம் போட்டார்கள். வேலையும் காசும் புதுக் கட்டிடங்களும் அந்தப் பக்கம் போயின. இந்தப் பழைய ஊரை இடித்துக் கட்ட எவருக்கும் அவசரம் வரவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்த ஊர்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கடைத்தெரு வாசலில் வாகனம் நின்றதும் எல்லோரையும் லோக்கும் என்ற துருக்கி இனிப்பு விற்கும் கடைப்பக்கம் திருப்பப் பார்த்தார் கொழும்பிலிருந்து வந்த குழுத்தலைவர். கடைக்கு ஒதுக்கிய நேரத்தை எங்களுக்கு ஒரு வீட்டுக்குள் போகத் தரமுடியுமா என்று நாங்கள் ஐந்தாறு பேர் அந்தப் பெண்ணிடம் கேட்டோம். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாருங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். டிக்கெட் எடுத்து உள்ளே போகும் நூதனசாலை வீடு ஒன்று.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். என் கண் முதலில் போனது மூலைக்கு. ஒழுங்கை வளைந்து போகிறது. கீழ்த்தளக் கற்சுவரும் அதோடு சேர்ந்து கோணலாகவே போகிறது. மேல்தளமோ சரியான சதுரம். எப்படி என்றால், மேல்தளத்தை ஒழுங்கைக்கு மேலே தள்ளி நீட்டி, சாய்ந்த மரத்தாங்கிகளால் முட்டுக்கொடுத்து, அறையின் மூலைகளை நேராக்கிவிட்டார்கள். கோணல் காணிக்கு வரைபடம் கீறித் தலையைப் பிய்த்துக்கொண்ட எவருக்கும் அதைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடும். மேலே முழுவதும் மரச்சட்டம், இடையில் சுடாத பச்சைச் செங்கல், அதற்கு மேல் சாந்து, பிறகு வெள்ளை. யன்னல்கள் ஒடுக்கமாக, உயரமாக, வரிசையாக. கீழ்த்தளத்தில் யன்னல் அருமை. அது சாமான்களுக்கும் மிருகங்களுக்கும் உரிய இடம்.

உள்ளே ஒவ்வொரு அறையும் ஒரு குடித்தனத்துக்குப் போதுமானது. கூட்டுக்குடும்பத்தில் ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்றாள். சுவரோரம் நீள இருக்கை, ஒரு அடுப்பு, ஒரு சுவர் முழுக்க அலுமாரி. பகலில் மெத்தைகள் அதற்குள் போய்விடும். அந்த அலுமாரிக் கதவுகளில் ஒன்றைத் திறந்தாள்; உள்ளே ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு சின்னக் குளியல் இடம்! என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இது எங்கட வீட்டில் இருந்திருந்தால் காலையில் சண்டையே வராது" என்றார்.

எனக்குப் பிடித்தது சுழலும் அலுமாரி. ஆண் விருந்தினர் இருக்கும் பக்கத்துக்கும் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கும் நடுச்சுவரில் பதித்த மரப்பெட்டி. குசினிப் பக்கத்தில் தட்டை வைத்துச் சுழற்றினால் சாப்பாடு மறுபக்கம் போய்ச் சேரும், வைத்தவரின் முகம் தெரியாது. அதை அவள் வெறுமனே காட்டவில்லை. எங்களில் ஒருவரை மறுபக்கம் அனுப்பி, தன் தண்ணீர்ப் போத்தலை வைத்துச் சுழற்றினாள். போத்தல் போனது, அந்த ஐயாவின் கைக்குட்டை திரும்பி வந்தது. நல்ல வழிகாட்டிக்கும் தேதிகளை ஒப்புவிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்து வீடு, கோடையில் மேட்டிலே தோட்டங்களுக்கு நடுவே இன்னொரு வீடு. வசதியான குடும்பங்கள் இரண்டுக்கும் மாறி மாறிக் குடிபோவார்களாம், நம் ஊர்ப் பணக்காரர் ஏப்ரலில் நுவரெலியாவுக்கு மூட்டை கட்டுவது போல. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இருந்த பகுதி தனியே இருந்தது. துருக்கியும் கிரேக்கமும் செய்துகொண்ட 1923ஆம் ஆண்டு மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி அவர்கள் கிரேக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்பதை மட்டும் அவள் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த படியில் ஏறினாள். கொழும்பிலிருந்து போன எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி அந்த "இலகுவான நடை". ஒழுங்கைகள் எல்லாம் உருட்டுக்கற்கள் பதித்தவை, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக நடுவை நோக்கிச் சரிந்தவை. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துத்தான் நடக்கவேண்டும். பிடித்து நடக்க எதுவும் கிடையாது. என் மனைவி இரண்டு வளைவு ஏறியதும் "நீங்கள் போங்கோ" என்று நின்றுவிட்டார். நல்லவேளையாக, 1640களில் கட்டிய சின்ஜி ஹான் என்ற வணிகர் சத்திரம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது ஹோட்டலாக நடக்கிறது. அதன் முற்றத்தில் ஒரு கோப்பித் தண்ணியோடு மனைவியை இருத்திவிட்டு நாங்கள் மேலே போனோம். அதைக் கட்டியவர், ஒட்டோமான் சுல்தான் இப்ராஹிமுக்கு மந்திரம் ஓதி வைத்தியம் பார்த்துப் பெரிய பதவி பிடித்த இந்த ஊர் ஹோஜா, அதாவது மத ஆசான். 1648இல் சுல்தானுக்கு முடிவு வந்தபோது அவருக்கும் தலை போனது. முற்றத்தில் இருந்தபடியே பரிசாரகரிடம் இந்தக் கதை முழுவதையும் கேட்டு எங்களுக்குச் சொன்னவர் மனைவிதான்! எங்களோடு வந்த இன்னும் சிலருக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை, வாகனத்திலேயே இருந்துவிட்டார்கள். அவர்களும் எங்களைப் போலவே முழுக்காசு கட்டியவர்கள்.

ஹிதிர்லிக் மேட்டில் ஏறி நின்றால் ஓட்டுக்கூரைகள் முழுவதும் தெரியும். ஒரு வீடு இன்னொரு வீட்டின் வெளிச்சத்தையும் பார்வையையும் மறைக்காமல் கட்டுவது அந்த ஊர் வழக்கம் என்றாள். தொழில் பழக்கத்தில் நான் ஒவ்வொரு வரிசையாகச் சோதித்துப் பார்த்தேன், அனேகமாகச் சரிதான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து மாடி எழும்பிய நாள் தொட்டு நான் பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறேன். அது வேறு கதை.

என் கோரிக்கை பெரிதல்ல. கொழும்பில் இந்தப் பயணங்களை விற்கிறவர்கள், சாலையில் எத்தனை மணித்தியாலம், ஊருக்குள் எத்தனை மணித்தியாலம், காலால் எவ்வளவு ஏற்றம், நடக்க முடியாதவர் எங்கே இருக்கலாம் என்ற நாலு விஷயத்தைப் பிரசுரத்தில் அச்சடிக்கட்டும். முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கவைக்கட்டும். பழைய வீடுகள் பலவற்றில் இப்போது தங்குவதற்கு அறை கொடுக்கிறார்கள். அதற்கு விலை கூடுமென்றால் கூட்டிச் சொல்லட்டும், கட்டுகிறவர் கட்டுவார். வீட்டுக்குள் போகிற டிக்கெட் "விரும்பினால்" என்று இருக்கக்கூடாது. கடைக்குப் போவதுதான் விரும்பினால் என்று இருக்கவேண்டும். உங்கள் கட்டுரையாளர்களும் இந்த விவரங்களைக் கேட்டு எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவி.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ரப்பர் அடியுள்ள சப்பாத்து கொண்டுபோங்கள். சஃப்ரன் என்றால் குங்குமப்பூ; ஊரின் பெயருக்கு ஏற்றபடி அங்கே அது விளைகிறது. பூப்பது ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஒரு சில வாரம்தான், ஒரு பூவில் மூன்றே இழை. ஆகவே இஸ்தான்புல் கடைகளில் மலிவு விலைக்கு குவித்து வைத்திருப்பதைக் குங்குமப்பூ என்று வாங்கி வந்து பாயாசத்தில் போடாதீர்கள். அனேகமாக அது குசும்பப்பூவாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.