திரும்பி வராத படிவங்கள்

அன்புள்ள தலைமையாசிரியை அம்மையாருக்கு (பயப்படாதே, நான்தான்),

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோபாலன் சார் இன்னும் அதே குடையோடுதான் நடமாடுகிறார்.

எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிற வைரஸ்) தடுப்பூசிக்கு ஒப்புதல் படிவம் கொடுத்தனுப்பினோம், பாதிக்கு மேல் திரும்பவில்லை, பெற்றோர் எதிர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எதிர்க்கிறார்கள் என்று உனக்கு யாரடி சொன்னது? ‘வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டு வந்ததையும், வராமலே போனதையும் ஒரே கணக்கில் சேர்க்காதே. வராத படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். இல்லையென்றால் அம்மா படித்துவிட்டு, அப்பாவைக் கேட்கலாம் என்று எடுத்து வைத்திருப்பாள். அவரோ ‘பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம், நீயே பார்த்துக்கோ’ என்றிருப்பார். பாட்டி ‘இப்ப என்ன அவசரம்?’ என்றிருப்பாள். அதோடு கடைசித் தேதியும் போயிருக்கும். இவர்களை எதிர்ப்பாளர்கள் என்று நீயே முத்திரை குத்தினால், நாளைக்கு உண்மையாகவே எதிர்ப்பாளர்களாகிவிடுவார்கள்.

படிவத்தை மறுபடி அச்சடி. ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்ற இரண்டு கட்டத்தோடு ‘பேச வேண்டும்’ என்று மூன்றாவதாக ஒன்று வை. தயங்குகிறவர்களில் பலர் அதில்தான் டிக் போடுவார்கள். வராத வீடுகளுக்கு வகுப்பாசிரியரே போன் செய்யட்டும். எடுத்ததும் ‘ஏன் தரவில்லை?’ என்று கேட்கக் கூடாது. ‘படிவம் கைக்கு வந்ததா?’ என்றுதான் தொடங்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் மைக் கிடைத்ததும் வைரஸின் வரலாற்றில் இறங்கிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், சிலர் எச்.ஐ.வி. என்று நினைத்து மிரண்டு போயிருப்பார்கள். ‘இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 என்ற இரண்டே வகை எச்.பி.வி.யால் வருகிறது, இப்போதுள்ள எல்லாத் தடுப்பூசியும் அந்த இரண்டையும் தடுக்கும். தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசிக்கு வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் ஆய்வு வெளிவந்தது. முன்னுரைக்கு இது போதும்.

பக்கவிளைவு என்ன என்றுதான் எல்லோரும் வாய்விட்டுக் கேட்பார்கள். கை வலி, வீக்கம், சிலருக்குக் காய்ச்சல், தலைவலி. ஓரிரு நாளில் சரியாகும். மனசுக்குள் இருக்கிற கேள்வி வேறு, ஏனென்றால் இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுவது. இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இப்போதே எதற்கு, இதைப் போட்டால் அவளுக்கு என்ன எண்ணம் வரும் என்பது. கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கும்வரை காத்திராமல் நீயே எடுத்துச் சொல். உடம்புக்குள் புகுந்துவிட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது, அதனால் வைரஸைச் சந்திப்பதற்கு வெகு முன்பே போட வேண்டும். தவிர 9 முதல் 14 வயதில் எதிர்ப்புச் சக்தி நன்றாக உருவாகிறது. போட்டுக்கொண்ட பிள்ளைகளின் நடத்தை மாறுகிறதா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள், மாறவில்லை. இதையெல்லாம் சாதாரணக் குரலில் சொல். நீ குரலைத் தாழ்த்தினால் அவர்களும் தாழ்த்திக்கொள்வார்கள்.

அடுத்தது, ‘பின்னால் குழந்தை பிறக்குமா?’ தடுப்பூசியால் மலட்டுத்தன்மை வந்ததற்கு ஆதாரம் கிடையாது. விஷயம் நேர்மாறானது. தடுப்பூசி இல்லாமல் புற்றுநோய்க்கு முந்தைய நிலை வந்துவிட்டால், கர்ப்பப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரிடலாம். அது பிறகு குறைப்பிரசவ அபாயத்தைக் கூட்டும். பாட்டிமார்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறார்களா என்றால், இல்லை. வைரஸின் வெளிக்கூட்டிலுள்ள புரதம் மட்டும்தான். உள்ளே மரபணு கிடையாது, பெருகவும் முடியாது.

எத்தனை ஊசி என்பதில் வீடுகளில் ஏகப்பட்ட குழப்பம் இருக்கும், ஏனென்றால் முதலில் மூன்று, பிறகு இரண்டு என்று மாறியது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ போதும் என்றது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. உங்கள் திட்டத்தில் இரண்டு என்றால் ஆறு மாத இடைவெளி வேண்டும். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையான பயம் படிவத்தில் இல்லை, ஊசி போடும் நாளில். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி போட்டதும் மயங்குவது சகஜம். ஒருத்தி விழுவதை வரிசையில் நிற்பவர்கள் பார்த்தால் அடுத்தடுத்து நாலு பேர் விழுவார்கள். சாயங்காலத்துக்குள் அது ‘விஷ ஊசி’ ஆகிவிடும். 2014இல் கொலம்பியாவில் ஒரு ஊரில் மாணவிகள் கூட்டங்கூட்டமாக மயங்கினார்கள். தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணை சொல்லியும் நாடு முழுக்கப் போட்டுக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஜப்பானில் பக்கவிளைவு பற்றிய செய்திகளுக்குப் பிறகு 2013இல் அரசு பரிந்துரைப்பதை நிறுத்திவைத்தது. போட்டுக்கொள்கிறவர்கள் சுமார் 70 சதவீதமாக இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரை மீண்டும் வர 2022 ஆயிற்று. ஒன்பது வருடம்! அத்தனை பெண்களும் பாதுகாப்பில்லாமல் வளர்ந்துவிட்டார்கள்.

அதனால் அறையில் நுழையும் வழி ஒன்று, வெளியேறும் வழி வேறு என்று இருக்கட்டும். காத்திருப்பவர்கள் ஊசியைப் பார்க்கக் கூடாது. வெறும் வயிற்றோடு யாரும் வர வேண்டாம். ரொம்பப் பயப்படுகிற பிள்ளையை முதலிலேயே தனியாகக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். போட்டபின் 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும், நடக்கவிட்டால் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவானால் மயக்கம். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, உதடு வீக்கம் என்றால் அது ஒவ்வாமை. மிக மிக அரிது, ஆனால் தொடையில் அட்ரினலின் உடனே போட்டாக வேண்டும். மருந்து எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று செவிலியரிடம் காலையிலேயே கேட்டுக்கொள். யார் மயங்கினாலும் வதந்திக்கு முன்னால் உன் போன் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

மாதவிலக்கு, லேசான சளி இரண்டும் தடையில்லை. நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிப்போடலாம். முந்தைய ஊசிக்கோ அதிலுள்ள பொருளுக்கோ கடும் ஒவ்வாமை இருந்தால் கூடாது. சில தடுப்பூசிகளை ஈஸ்ட்டில் தயாரிக்கிறார்கள் என்பதால் ஈஸ்ட் ஒவ்வாமை உண்டா என்றும் படிவத்தில் கேள்.

பையன்களின் அப்பாக்கள் ‘எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்பார்கள். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய் அவர்களுக்கும் இதே வைரஸால் வரும். பல நாடுகள் பையன்களுக்கும் போடுகின்றன, ஆஸ்திரேலியா 2013லிருந்தே.

வருகிற அம்மாக்களைச் சும்மா அனுப்பாதே. 30 வயது தாண்டியவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று அதே தாளின் பின்பக்கத்தில் அச்சடி. மகளும் பிற்காலத்தில் அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும், எல்லா வகையையும் தடுக்கிற ஊசி இன்னும் வரவில்லை.

புதுப் படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. உன் இலக்கணத்தில் கை வைக்க மாட்டேன், சத்தியம். பத்மா கேட்டால் அந்த மணி விவகாரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லிவிடு.

உன்,
ஊசிக்காரி