புள்ளி விழாத விசைப்பலகை

கொழும்பு - 06

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். மவுஸை ஒருமுறை அழுத்தினால் கணினி அதை இருமுறையாக எடுத்துக்கொள்கிறது, எறிந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர். நீர் கேட்காத இன்னொரு பழுதையும் உமது கடிதமே சொல்லிவிட்டது. தொடக்கத்திலேயே 'வணக்கம' என்று இருந்தது; அதற்குப் பின்னும் பாதி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. பாமினி என்னும் தமிழ்த் தட்டெழுத்து முறையில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி (;) விசையில். தமிழில் தட்டெழுதுபவரின் வலக்கைச் சிறுவிரல் நாள் முழுவதும் தேடிப்போவது அந்த விசையைத்தான் என்பதால், அது முதலில் ஓய்ந்துபோனதில் வியப்பில்லை.

முதலில் மவுஸ். அதை எறிய வேண்டாம். பொத்தானின் கீழே சிறிய கறுப்புப் பெட்டி போன்ற ஆளி (சுவிச்) ஒன்று உண்டு. அதனுள் மெல்லிய செப்புக்கலவைத் தகடு வளைந்து, வெள்ளி கலந்த தொடுமுனையில் போய்த் தட்டுகிறது. பூசையறையில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுப்பதற்கும் இந்தத் தொடுமுனை கெடுவதற்கும் காரணம் ஒன்றே: காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியின்மேல் கரும்படலமாகப் படிகின்றன. பெரிய மின்னோட்டம் பாயும் ஆளியில், தொடும் கணத்தில் எழும் சிறு பொறியே அந்தப் படலத்தை எரித்துத் துளைத்துவிடும். மவுஸிலோ ஐந்து வோல்ற்றுக்கு மேற்படாத அழுத்தத்தில் மிகச் சிறிய ஓட்டமே பாய்வதால் படலம் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் தொடுகை விட்டு விட்டு நிகழ, கணினி இரண்டு என்று எண்ணுகிறது. எனது வீட்டிலிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் கடல், உமக்கோ பருத்தித்துறைக் கடற்கரை. உப்பும் ஈரமும் கலந்த காற்று இருவருக்கும் உதவி செய்யப் போவதில்லை.

மவுஸின் ஸ்குரூக்கள் பெரும்பாலும் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளின் கீழ் ஒளிந்திருக்கும். பட்டைகளைச் சற்றே சூடாக்கி மெதுவாக உரியும். ஆளியின் மூடியைக் கழற்ற முடிந்தால், 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த தடித்த கடதாசிக் கீற்றைத் தொடுமுனைகளுக்கு இடையே வைத்து, தகட்டை மெல்ல அழுத்தியபடி இரண்டு மூன்று தடவை இழுத்தெடும். அற்ககோல் எண்ணெய்ப் பசையையும் தூசியையும் கழுவுமே தவிர வெள்ளியின் கருமையைக் கரைக்காது. அதை எடுப்பது கடதாசியின் உராய்வுதான். மூடியைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தகடு தெறித்துப் பறந்தால் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு. கை நடுங்கும் நம் வயதில், பொத்தானின் ஓர இடுக்கில் ஒரு துளி விட்டு, ஐம்பது அறுபது தடவை அழுத்திக் காயவிடுவதே உத்தமம். அதற்கும் சரிவராவிட்டால் தகடு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆளியை மட்டும் மாற்றலாம்.

விசைப்பலகைக்கு வருகிறேன். உம்மிடம் இருப்பது ரப்பர்க் குமிழுள்ள சாதாரண வகை என்றால், உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கியிருக்கும். அவற்றில் உள்ள மின்பாதைகள் வெள்ளித்துகள் கலந்த மையால் அச்சிடப்பட்டவை. என்னுடையதில் ஒருமுறை சீனி போட்ட தேநீர் கொட்டிய அவசரத்தில், கையில் அகப்பட்ட கிருமிநீக்கிக் களியால் (ஜெல்) துடைத்தேன். அதிலிருந்த கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கிவிட, ஒட்டாதிருந்த விசைகளும் ஒட்டத் தொடங்கின. அதைப் போக்க நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொட்டேன். பாதைகளில் ஒன்று பஞ்சோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பலகையைக் குப்பையில் போட்டது நான்தான், தேநீர் அல்ல. சீனி அற்ககோலில் எளிதில் கரையாது. அதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, அதன் பின்னரே அற்ககோலை மெதுவாகத் தடவி, ஒரு நாள் முழுவதும் காயவிடும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஏறக்குறைய 30 வீதம் நீர் இருக்கும். தோலைத் துடைக்க அது நல்லது, மின்சுற்றுப்பலகைக்கு உகந்ததல்ல.

சுற்றுப்பலகை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கணினி இயங்காவிட்டால் நினைவகப் பலகையை (RAM) கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்க்கும் வழக்கம் இங்கே பல கடைகளில் இருக்கிறது. தேய்த்ததும் கணினி இயங்கும். ஆகவே வைத்தியம் பலித்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் தங்கம் துருப்பிடிப்பதில்லை. கழற்றித் திரும்பச் செருகியதில் பற்கள் உரசிச் சுத்தமானதே பெரும்பாலும் உண்மையான காரணம். அங்கே பூசப்பட்டிருக்கும் தங்கம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புடையது. தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளிப்பட்டு, பிறகுதான் உண்மையாகவே துருப்பிடிக்கும். மட்டத்தாள் கொண்டு உரசுவோரைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை.

பற்றறி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் முறை வேறு. காரப் பற்றறியிலிருந்து கசிவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அப்பச்சோடா போட்டால் அது அசையாது. தேசிக்காய்ச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, நீரால் துடைத்து, கடைசியாக அற்ககோல் தடவும். கையுறை அணிய மறக்க வேண்டாம்.

எனது அற்ககோல் போத்தலைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். இலகுவில் தீப்பற்றும் என்பதால் பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்ப மனமில்லை. யாழ்ப்பாண நகரில் விசாரித்துப் பாரும். வாங்கினால் மூடியை இறுக்கி வையும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பேரனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதை உமது கடிதத்திலிருந்து சரியாக அறிய முடியவில்லை. பெயரின் நடுவில் புள்ளி வருமா வராதா என்பது தெரியாமல் வீட்டில் ஆளுக்கொரு விதமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதைக் கையால் எழுதியாவது அனுப்பும்.

அன்புடன்,
உமது பழைய அறைத்தோழன்