யோ-யோ வேட்டை ஆயுதம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில், பிலிப்பைன்ஸ் காட்டுவாசிகள் மரத்தில் உட்கார்ந்து யோ-யோவை வீசி மிருகங்களைக் கொன்றார்கள், அதுவே பிறகு பொம்மையாகிவிட்டது என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதை எனக்கே வாசித்துக் காட்டினாள். மனது கேட்கவில்லை.

அதற்கு யாரும் ஆதாரம் காட்டியதில்லை. கிரேக்கர்களின் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மண்கோப்பை ஒன்றிலேயே ஒரு பையன் யோ-யோ ஆட்டும் படம் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பங்கு வேறு. இலோகோஸ் நார்ட்டே மாகாணத்து வின்டார் ஊரில் பிறந்த பெட்ரோ ஃபுளோரஸ், 1928-இல் கலிபோர்னியாவில் யோ-யோ கம்பெனி தொடங்கினார். அவருடைய யோ-யோவில் கயிற்றை அச்சில் முடிச்சுப் போடாமல் சும்மா சுற்றிவிட்டதால் சக்கரம் கீழே நின்று சுழலும். இதை எழுத உங்களுக்கு இடமில்லாமல் போனதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். என் கணவரின் வேலைக்காக பிலிப்பைன்ஸின் லாகூனா மாகாணத்து லோஸ் பான்யோஸில் ஆறு வருடம் இருந்தோம். சாயங்காலமானால் பிள்ளைகள் தெருவில் தண்ணீரால் கோடு இழுப்பார்கள். பட்டின்ட்டேரோ ஆட்டம். தண்ணீர்க் கோட்டில் ஆடுவதால் டுபிகன் என்றும் அதற்குப் பெயர். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடியே, இது நம்ம கிளித்தட்டு!" என்றார். சுங்கா பலகையைப் பார்த்ததும் பல்லாங்குழி என்று கையைத் தட்டினார். அதிலும் பக்கத்துக்கு ஏழு குழிதான், ஆனால் இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று உண்டு. குழிக்கு ஏழு சோழி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பால் டின்னை நிறுத்திச் செருப்பால் அடித்துத் தள்ளும் டும்பாங் பிரேசோவில்தான் என் மகள் அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அல்ல.

இப்படிப்பட்ட நாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவது இது முதல் தடவை இல்லை. முன்பு ஒரு பயணக் கட்டுரையில், மீன் டின்னை வெட்டி வண்டி செய்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து 'பாவம்' என்று எழுதியிருந்தார்கள். அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதற்கும் முன்னால், தாய்லாந்து நடனப் பெண்களின் படத்தின் கீழ் பிலிப்பைன்ஸ் என்று அச்சிட்டீர்கள். அதற்கும் எழுதினேன். சரி, பழைய கதை.

ஆனால் அந்த 'பாவம்' மட்டும் இன்னும் உறுத்துகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயதிருக்கும். சார்டின் டின், சோடா மூடி நான்கு, மூங்கில் குச்சி இரண்டு. அரை நாளில் ஓடுகிற வண்டி செய்து என் மகளிடம் கொடுத்தான். நாங்கள் ஊர் திரும்பியபோது அவள் கையில் வைத்துக்கொண்டு வந்தது அதைத்தான். கடையில் வாங்கிய பொம்மைகளை அங்கேயே கொடுத்துவிட்டாள்.

உங்கள் பத்திரிகையை நாற்பது வருடமாக வாங்குகிறேன். அடுத்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் மூன்று வரி திருத்தம் போட்டால் போதும். படம் தேவையென்றால் அந்த டின் வண்டி எங்கள் அலமாரியில் இருக்கிறது. எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்