பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் திரும்ப வையுங்கள், சுவாமி

அன்பின் பங்குச் சுவாமிக்கும் அருட்பணிச் சபையாருக்கும்,

பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை நடந்ததை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சனம் கூடிவிட்டது, ஒவ்வொருவராகப் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க நேரமில்லை என்று எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, ஒரேயடியாகப் பாவமன்னிப்புக் கொடுத்தீர்கள். கால்மணி நேரத்தில் கோயில் காலி.

காலியாகாமல் இருந்தது ஒரு வாங்குதான். காது மந்தமான ஆச்சி ஒருவர் தன்னுடைய முறை வருமென்று அதில் காத்திருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் போய், "எல்லாம் முடிஞ்சுது ஆச்சி, மன்னிப்பும் குடுத்தாச்சு" என்றார். "நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் ஆச்சி.

நீங்கள் இரக்கப்பட்டு அவரைக் கூப்பிட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எங்கே இருத்தினீர்கள்? ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரையில். காது கேளாதவர் மெதுவாகவா பேசுவார்? வயர் சுற்றிக்கொண்டிருந்த பொடியள் நிமிர்ந்து பார்த்ததும் ஆச்சி பாதியில் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை ஆண்டவரிட்டயே சொல்லுறன்" என்று எழும்பிவிட்டார். தற்செயலாகக் காதில் விழுந்தவரையும் இரகசியம் கட்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 983. அதை அந்தப் பொடியளுக்கு யார் சொன்னது?

1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு உங்கள் அலுமாரியில்தான் இருக்கும். குருவுக்கும் பாவிக்கும் நடுவே நிலையான கம்பித் தட்டியோடு பாவசங்கீர்த்தனக் கூடு, நாங்கள் தொட்டி என்கிறோமே, அது இருக்க வேண்டும் என்கிறது 964. பெருநாளுக்குச் சனம் கூடுவது மட்டும் பொது மன்னிப்புக்குப் போதிய காரணமில்லை என்கிறது 961. சனத்துக்கு வசதியான நாளும் நேரமும் குறித்துக் கேட்பது குருவின் கடமை என்கிறது 986. நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம், தொட்டிக்குள்ளே. அவ்வளவுதான்.

தொட்டி எங்கே என்று சபையார் கேட்கக்கூடும். வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்தபோது களஞ்சிய அறைக்குப் போனது. இப்போது அதற்குள்ளே பூச்சாடிகளும் கிறிஸ்மஸ் குடிலின் வைக்கோலும் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருக்கின்றன. நன்கொடையாளர் பெயர்களை நிறுத்தி நிதானமாக வாசிக்க நேரமிருக்கிறது. கொடியேற்றத்துக்கு எந்த பாண்ட் என்று மூன்று கூட்டம் வைக்க நேரமிருக்கிறது. பாவிக்குத்தான் நேரமில்லை.

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தேடிப் பிடித்த காலத்தில், 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து, பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் இரவிரவாகப் பாவசங்கீர்த்தனம் முதலான திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். 2015இல் அவர் புனிதரானபோது நாங்களும் பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். சரி, அதை நீட்ட வேண்டாம்.

எனக்கு உண்மையான மனவருத்தம் வேறு. "என் பாவமே, என் பாவமே" என்று எல்லாரும் சேர்ந்து நெஞ்சில் தட்டும்போது யாருக்கும் நோவதில்லை. தொட்டிக்குள்ளே முழந்தாளில் நின்றால்தான் "எடுத்த சீட்டுக்காசைத் திருப்பிக் குடுத்திட்டியோ? தமையனோட கதைச்சியோ?" என்ற கேள்வி வரும். மறைக்கல்வியில் ஐந்து காரியம் படித்தோம்: பாவங்களை ஆராய்வது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் வெளிப்படுத்துவது, அவர் விதித்த அபராதத்தைத் தீர்ப்பது. அன்று எழுந்து நின்றதோடு இதில் எத்தனை நடந்தது? எல்லைக் காணிக்கு வழக்குப் பேசும் இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த வாங்கில் நின்று மன்னிப்புப் பெற்றுப்போனார்கள். வழக்கு இன்னும் கோட்டில்தான் கிடக்கிறது.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது, சுவாமி. மூன்று பங்குக்கு ஒருவராக ஓடுகிறீர்கள் என்பதும் தெரியும். ஒவ்வொரு கிழமையும் முடியாவிட்டால் மாதம் இரண்டு சனியாவது தாருங்கள். ஞாயிறு கடல் தொழிலுக்குப் போகாத ஊர், சனி பின்னேரம் எல்லாரும் கரையில்தான். சபையாரிடம் பணிவாகக் கேட்பது, களஞ்சிய அறைத் திறப்பைத் தாருங்கள். தொட்டியைத் தூக்கிவந்து கழுவி வைக்க எங்கள் வட்டாரத்துப் பொடியள் நாலுபேர் சம்மதித்திருக்கிறார்கள். கம்பித் தட்டி கறள் பிடித்திருந்தால் அதற்கு வெளிநாட்டுக் காசு வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவன்