நாலு மெழுகுவத்தி எரிந்த பிறகு

27.12.2025
சனிக்கிழமை இரவு

அன்பு ஜெயாவுக்கு,

திட்டாதே. தீபாவளிக்கு நீ அனுப்பிய அதிரசத்துக்கு ஒரு வரிகூடப் பதில் போடவில்லை என்பது நினைவிருக்கிறது. டப்பா என் சமையலறை மேடையில்தான் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது. வெறும் டப்பாவைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று நாளைக் கடத்திக் கடத்தி இங்கே வந்து நிற்கிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. பெரியவள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். போனை விட்டு நிமிர்ந்தால் நானும் அவளிடம் பேசலாம். நெட்டைக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம், கேள்விப்பட்டாயா? அந்தக் குழந்தையும் கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசுவாய். முழுதாகக் கேள், அதனால்தான் கடிதம்.

திருவருகைக்காலம் உனக்கு மறந்திருக்காது. இரண்டு வருஷம் ஹாஸ்டலில் சிஸ்டர்மார் நடுவில் இருந்துவிட்டு, நான் இந்து, எனக்குத் தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு ஞாயிறு, நாலு மெழுகுவத்தி. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். அந்த ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது என்று தெரியாமல் முதல் வாரமே கொளுத்திவிட்டு, 'அழகா இருந்துச்சு, அதான்' என்று வார்டனிடம் சொன்ன புண்ணியவதி நீதானே? ஒவ்வொரு வருஷமும் அந்த ரோஸ் மெழுகுவத்தியைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்து, ஜெபத்தில் கவனம் போய்விடுகிறது. அந்தப் பாவம் உன் கணக்கில்தான்.

எங்கள் பள்ளியிலும் வளையம் வைத்தோம். பழைய சைக்கிள் டயரில் சவுக்குத் தழையைச் சுற்றி, நாலு மெழுகுவத்தி செருகி. இந்த வருஷம் முதல் ஞாயிறு நவம்பர் 30-ஆம் தேதி வந்தது. அந்தத் தேதியை இந்தக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017-ல் ஒக்கி புயல் அடித்த நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எங்கள் பக்கத்து ஊர் எல்லாவற்றிலும் அன்று பலி பூசை உண்டு. ஒரே நாளில் காலையில் செத்தவர்களுக்காக அழுதுவிட்டு, 'ஆண்டவரே வாரும்' என்றும் பாடினோம்.

மறுநாள் திங்கட்கிழமை பிரேயரில் முதல் ஊதாவைக் கொளுத்திவிட்டு மூன்றாம் வகுப்புக்குள் போனேன். மொத்தம் 17 பிள்ளைகள். (என் கிளாஸில் ஒரு காலத்தில் 40 பேர் இருந்தார்கள். இப்போது காலையில் மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்தப் புலம்பலைத் தனிக் கடிதமாக வைத்துக்கொள்வோம்.) வருகைக்காலம் என்றால் என்ன டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். காத்திருக்கும் காலம் என்றேன். எவ்வளவு நாள் என்றார்கள். நாலு மெழுகுவத்தி எரியும்வரை என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். 'நம்பிக் காத்திருந்தால், நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவர் கண்டிப்பாக வருவார்' என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். வருஷா வருஷம் சொல்கிற வாக்கியம்தான். யோசித்துச் சொன்னதில்லை.

டிசம்பர் 3 சவேரியார் திருநாள், கோட்டாறு திருவிழாவுக்கு மாவட்டமே லீவு. அதற்குப் பிறகு பாடம் எங்கே ஓடும்? நாடக ஒத்திகை, கேரல், அதற்கு நடுவே 15-ஆம் தேதி அரையாண்டுத் தேர்வு. 12-ஆம் தேதி பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரச் சொல்லி, மண் நிரப்பி, கேழ்வரகு விதைத்தோம். குடிலைச் சுற்றிப் பச்சையாக வைக்க. எங்கள் அம்மா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். வராந்தாவில் 17 சிரட்டை வரிசையாக. ஒரு பயல் தினமும் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்து, முளையைப் பிடுங்கிப் பார்த்து, திரும்ப நட்டு வைத்தான். அவனுடையது மட்டும் கடைசிவரை மொட்டைத் தலைதான். குடிலுக்குள் மாடு, கழுதை, ஆடு எல்லாம் இருந்தன. மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் ஒரு ரப்பர் டைனோசரும், ஒரு ஜேசிபி வண்டியும் இருந்தன. யோசேப்புக்குத் தச்சு வேலைக்கு உதவும் என்று விளக்கம் சொன்னார்கள். இடையர்கள் பக்கத்தில் தெர்மாகோலில் செதுக்கிய வள்ளம் ஒன்று. ஆடு மேய்க்கிறவனை இங்கே எவன் பார்த்திருக்கிறான்?

அந்த வள்ளத்தைச் செய்தவன் இரண்டாவது பெஞ்சில் ஓரத்தில் உட்காருகிறவன். அதிகம் பேச மாட்டான். 2018 மார்ச்சில் பிறந்தவன். தேதியைக் கணக்குப் போட்டுப் பார், புரியும். அப்பா ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறாள். வளர்ப்பது பாட்டி.

22-ஆம் தேதி நாலாவது மெழுகுவத்தியைக் கொளுத்தினோம். அன்று மதியம் பாட்டி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். போட்டோவுக்குப் போடுகிற சந்தன நிற மாலை. அறுந்து, பாசி எல்லாம் உதிர்ந்து, நூல் மட்டும் ஒரு பக்கம் நீளமாக.

'டீச்சரே, பயலுக்கிட்ட என்ன சொல்லிக் குடுத்திய?'

அவன் வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் நாலு மெழுகுவத்தித் துண்டு ஒட்டி வைத்திருக்கிறான், ஜெயா. வாரத்துக்கு ஒன்றாகக் கொளுத்தியிருக்கிறான். பிள்ளைக்குப் பக்தி என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். நாலாவதையும் கொளுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றியிருக்கிறான். வருகிற ஆளுக்கு எதுக்கு மாலை என்று கேட்டிருக்கிறான். அம்மா பிடுங்கப் போய் அறுந்துவிட்டது.

பாட்டி அழவில்லை. சத்தமும் போடவில்லை. 'நாங்க காத்திருந்ததை நீங்க பாத்திய இல்லா? அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் போடல்ல, குடில் போடல்ல. லட்சத்தீவுல இருக்காவ, குஜராத்துல கரை ஏறிட்டாவன்னு தினம் ஒருத்தன் சொல்லுவான். சிலபேரு வந்தாவளும். அதுதான் கொடுமை. அந்த மாலையைப் போட அஞ்சு வருஷம் ஆச்சு. காத்திருக்கதை நாங்க அப்பதான் விட்டோம். நீங்க நாலு வாரத்துல திரும்பப் படிப்பிச்சிட்டிய.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்துணவு அக்காவிடம் சொல்லி ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மாலையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மேசைக்குக் கீழே உருண்ட பாசி மூன்று நாலு, சாயந்தரம் பெருக்கும்போது கிடைத்தது. எடுத்து சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. 'கடைசி நாளில் அப்பாவைச் சந்திப்பாய் என்று சொல்லுங்க, அதுதானே விசுவாசம்' என்றார். விசுவாசம்தான், நானும் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறேன். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் கடைசி நாள் என்றால் அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள்தானே? அது மறுநாள் வருகிறது!

அந்த மறுநாள் கூத்தையும் கேள். 24 முதல் லீவு என்பதால் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் எப்போதும் 23-ஆம் தேதியே பிறந்துவிடும். காலையில் பரீட்சை, மதியம் விழா. கோயிலில் ஃபாதர் இன்னும் ஊதா உடையில்தான் பூசை வைக்கிறார், 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் கிறிஸ்துமஸ் வரை பாடுவதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் நாங்கள் ஸ்பீக்கர் கட்டி ஆடுகிறோம். இது எனக்குப் பல வருஷத்துக் கடுப்பு. பிறக்கும் முன்னே கேக் வெட்டி, பிறந்த அன்றைக்குக் களைத்துப்போய்த் தூங்குகிறோம். அதனால் இந்த முறை பாலன் இயேசுவின் சொரூபத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவிட்டேன். முன்னணை காலியாக இருக்கட்டும், 24 இரவு கோயிலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, 'விருந்தினர் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, பாலன் எங்கே?' என்றார். நான் விடவில்லை. 1223-ல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதல் குடில் வைத்தபோது சொரூபமே கிடையாது, வைக்கோலும் மாடும் கழுதையும்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸே 2019-ல் அந்த ஊருக்குப் போய் எழுதிய மடலில் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துவிட்டேன். சிஸ்டர் ஒரு நிமிஷம் அசந்து போனார். பிறகு, 'கிரேச்சோவில் போட்டோகிராபர் இல்லை டீச்சர்' என்றாரே பார்க்கலாம்!

சரி, சமாதானம் ஆனோம். போட்டோவுக்கு மட்டும் பாலனை வைப்பது, முடிந்ததும் எடுத்துவிடுவது. எல்லாம் நன்றாகத்தான் போனது. தாத்தா வேஷத்தில் வந்த பையனைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அழுதது, அது வழக்கம். நாடகத்தில் கபிரியேலின் இறக்கை ஒரு பக்கம் தொங்கியது. உன்னை நினைத்துக்கொண்டேன், கோபப்படாதே. போட்டோ முடிந்து நான் பாலனைத் தூக்கித் துணியில் சுற்றும்போது முன் வரிசை வாயாடி ஒருத்தி கத்தினாள்:

'டீச்சர்! பொறந்தவரை எப்படித் திருப்பி அலமாரிக்குள்ள வைப்பிய?'

எல்லோரும் சிரித்தார்கள், விருந்தினர் உட்பட. நானும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் கையில் இருந்த துணிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேக் வந்தது, வரிசை கலைந்தது, எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள், அவனும் ஓடினான். போகும்போது தன் சிரட்டையை மட்டும் குடிலிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது 16 இருந்தன.

24 இரவுப் பூசையில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மணி அடித்து, பாலனைத் தூக்கி வந்து குடிலில் வைத்தார்கள்; அவன் விழிக்கவில்லை, அவளும் எழுப்பவில்லை. நேற்று முந்திரிக்கொத்து கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நேற்று 26, சுனாமி நாள் வேறு. ஊரே ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. படத்தில் புது மாலை. கீழே மெழுகு உருகிக் காய்ந்த நாலு வட்டம், சுரண்டி எடுத்தும் முழுதாகப் போகவில்லை. சிரட்டை வாசல் திண்ணையில் வெயிலில் இருந்தது. அவன் புதுச் சட்டையில் பந்து விளையாடப் போயிருந்தான். 'ஏதாவது கேட்டானா?' என்றேன். 'ஒண்ணும் கேக்கல்ல டீச்சர்' என்றாள் பாட்டி. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கேட்டிருந்தால் உளறியாவது வைத்திருப்பேன்.

இப்போது நான் இதையெல்லாம் உனக்கு எழுதுவது ஏன் என்று புரிந்திருக்கும். உனக்கு ஒன்பது வயசில் அப்பா போனதாக ஒரே ஒரு முறை மொட்டை மாடியில் சொன்னாய், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பெரியவர்கள் அப்போது உன்னிடம் என்ன சொன்னார்கள்? எது உள்ளே போனது? எதைக் கேட்டால் எரிச்சல் வந்தது? யாராவது ஒன்றுமே சொல்லாமல் இருந்ததுதான் நல்லதாக இருந்ததா? அழகுக்கு எழுதாதே, இருந்ததை எழுது. பள்ளி திறந்ததும் அவன் அதே இரண்டாவது பெஞ்சில் வந்து உட்காருவான். நான் அதற்குள் ஏதாவது யோசித்து வைத்திருக்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம் என்றாலும் சரி, நான் நடுவில் பேச மாட்டேன்.

டப்பாவில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வைத்துத் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். முறுக்கு கொஞ்சம் நொறுங்கித்தான் வந்து சேரும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மூடியைத் தொலைத்துவிட்டேன், வேறு டப்பாவின் மூடி போட்டிருக்கிறேன், பார்த்துத் திற.

உன்
புஷ்பம்