ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். பெரிய மாமா மாடியைப் பூசிவிட்டார். மற்றதெல்லாம் பிறகு.

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தத்தில் இருக்கும் முக்கியப் புரதமான ஆல்புமின் 3.0. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். "ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிட்டேன், கவலைப்படாதே" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் கவலை கூடியது. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

ஃப்ரீ ராடிக்கல் என்பது பக்கத்தில் இருப்பதைத் தாக்கிக் கெடுக்கும் துகள். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை என்பார்கள். ஆனால் ரத்தத்தில் அதைத் தடுக்கும் பெரிய வேலையை அங்கேயே இருக்கும் புரதங்கள்தான் செய்கின்றன. ஆல்புமினில் ஒரு கந்தக முனை எதனோடும் சேராமல் நிற்கும். ஃப்ரீ ராடிக்கலின் அடியை அது வாங்கிக்கொள்ளும். இரும்பைக் கட்டி வைப்பது டிரான்ஸ்ஃபெரின். கட்டுப்படாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும், அது பக்கத்தில் இருக்கும் எதையும் விடாது. அதைப் பிறக்கவே விடாமல் செய்கிறதே இந்தப் புரதம், லேபில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்தால், அதைப் பிடித்துக்கொள்ள ஹாப்டோகுளோபின் என்று இன்னொன்று இருக்கிறது.

இவற்றையெல்லாம் பெரும்பாலும் ஈரல்தான் செய்து அனுப்புகிறது. ஆல்புமினை ஈரல் மட்டும்தான் செய்யும், நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை. ரத்தத்தில் இருப்பதில் பாதி கழிந்து புதிது வர மூன்று வாரம் போல ஆகும். ஆகவே ஒரு ராத்திரி சாப்பிடாமல் படுத்ததால் 3.0 வராது.

சின்ன மாமாவின் ஆல்புமின் இறங்கிக்கொண்டே போனதை எங்கள் லேபில் டெஸ்ட் போட்டுப் பார்த்தவள் நான். அவர் குடித்தது ஈரலில் உடையும்போது அங்கேயே ஃப்ரீ ராடிக்கல் கிளம்பும். காக்கிற புரதத்தைச் செய்யும் இடத்திலேயே அடி விழுந்தால் என்ன செய்வது? அத்தை பட்ட பாடு உனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மாத்திரையை நம்பாதே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்திருந்தது.

தெரியாத ஊரில் தனியாக நின்று டீம் லீடர் ஆகியிருக்கிறாய். தெருவில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் பொங்கலுக்கும் வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. முட்டை, பருப்பு சேர்த்துக்கொள். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

சிறுநீரில் புரதம் ஒழுகினாலும், உடம்பில் வேறு அழற்சி இருந்தாலும் ஆல்புமின் குறையும். டாக்டரிடம் கேட்டு அந்த டெஸ்டையும் எடு. டாக்டர் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல். அவர் எனக்குச் சொல்ல மாட்டார், நானும் அவரைக் கேட்க மாட்டேன்.

நீ அனுப்பியது முதல் பக்கம் மட்டும்தான். ஈரல் அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடி எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். அதையும் அனுப்பு. எந்த எண் இருந்தாலும் திட்ட மாட்டேன். அடுத்த ரயிலில் நான் வரவா, நீ வருகிறாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா