காயமடைந்தவரின் வழக்கு காவல் நிலையத்தில்தான் தொடங்குகிறது: தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கார் விபத்துகளில் காயமடைந்தவர்களுக்காக வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் வழக்காடி வரும் வழக்குரைஞன் நான். தீர்ப்பாயத்தில் நான் எவ்வளவு வாதாடினாலும், வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை விபத்து நடந்த முதல் சில நாள்களில் உங்கள் நிலையங்களில் எழுதப்படும் தாள்களே. முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய இவற்றில் ஒன்று பிழையானாலும், அதைச் சரிசெய்யக் கட்டுப்போட்ட காலோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது.

இந்த அலைச்சலைக் குறைக்கவே சட்டம் மாற்றப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் இழப்பீடு தொடர்பான பகுதிகளும், அவற்றுக்கான மத்திய விதிகளும் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி புலனாய்வு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாள்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாள்களுக்குள் அவரிடம் தர வேண்டும். அவர் தனியே மனுப் போடாவிட்டாலும் காவல்துறையின் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும் என்று 166ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த உரிமைப் படிவத்தைப் பார்த்ததே இல்லை. அறிக்கை நகல் கேட்டுப் போகும் குடும்பத்தாரிடம் “கேஸ் கட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டது, வக்கீலைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்புவதே இன்றைக்கும் வழக்கமாக இருக்கிறது.

இதே திருத்தம் மனுச் செய்வதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற காலவரம்பையும் கொண்டுவந்தது. 1994இல் நீக்கப்பட்ட வரம்பு இப்படித் திரும்ப வந்துள்ளது. தொடை எலும்பில் கம்பி வைக்கப்பட்டவருக்கு ஆறு மாதத்தில் சிகிச்சையே முடிந்திருக்காது. பிறர் துணையின்றி அவரால் நீதிமன்றப் படி ஏற முடியாது. ஆறு மாதம் கடந்து வந்தவை என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு பெரும் ஆறுதல்தான். ஆயினும் அது இடைக்கால உத்தரவு மட்டுமே. 90 நாள்களில் விரிவான அறிக்கை ஒழுங்காகத் தாக்கலாகிவிட்டால் இந்தக் கால வரம்பு யாரையும் வாட்டாது. காவல்துறை தன் கடமையைச் செய்யும் என்று நம்பி வகுக்கப்பட்ட ஏற்பாட்டில், அந்தக் கடமை தவறும்போது தண்டனை முழுவதும் காயமடைந்தவர் தலையில் விழுவது எந்த வகையில் நியாயம்?

அடுத்தது, எனக்கு மிகுந்த வேதனை தருவது. இருசக்கர வாகனத்தில் வந்தவர் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மோதிய காரை ஓட்டியவர் நிலையத்துக்கு முதலில் வந்து, அவரே தாறுமாறாகக் குறுக்கே வந்தார் என்று புகார் கொடுக்கிறார். பேச முடியாதவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், தூக்கி வந்த யாரோ பதற்றத்தில் சொன்னதைக் கேட்டு, வண்டியிலிருந்து தவறி விழுந்ததாக ஒரு வரி பதிவாகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியைத்தான். தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று காட்டினால் போதும் என்பது நிலைபெற்ற சட்டம். ஆனாலும் காவல்துறை ஆவணமே எதிராக நிற்கையில் மனுதாரர் மலையேற வேண்டியதாகிறது. காயமடைந்தவர் பேசும் நிலைக்கு வந்ததும் ஓர் அதிகாரி மருத்துவமனைக்கே சென்று வாக்குமூலம் பெற வேண்டும். அதுவரை குறுக்கே வந்தது யார் என்ற முடிவுக்கு வரக் கூடாது. அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை, அவை அழிந்துபோவதற்குள் எடுத்து வைக்க வேண்டும்.

தொழிலைப் பற்றிய பதிவையும் சொல்ல வேண்டும். யார் அடிபட்டாலும் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிவிடும் பழக்கம் பல நிலையங்களில் உண்டு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடும் வருமான இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல என்று தெளிவுபடுத்தியது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும். எழுத்தராக இருந்தால் வேலையில் தொடரக்கூடும். எனவே அந்த ஒரு சொல்லைப் பொறுத்து ஒருவரின் இழப்பீடு பல லட்சம் ரூபாய் கூடவோ குறையவோ செய்யும். தச்சர் என்றால் தச்சர் என்றே எழுதப்பட வேண்டும்.

போலி வழக்குகள் பெருகிவிட்டதாகக் காப்பீட்டு நிறுவனங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. சம்பந்தமில்லாத வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதும், பழைய காயத்தைப் புதியதாகக் காட்டுவதும் நடந்துள்ளன. 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை பதிவாகிவிட்டால் அந்த ஏமாற்றுக்கே இடமிருக்காது.

கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இழப்பீட்டு வழக்குகளைப் புலனாய்வு செய்யக் காவல் நிலைய அளவிலோ குறைந்தது நகர அளவிலோ தனிப் பிரிவை மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று மாநில உள்துறைத் தலைமைக்கும் காவல்துறைத் தலைமைக்கும் ஆணையிட்டது. ஆகவே தங்களிடம் சலுகை எதையும் நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவு எந்தெந்த ஊர்களில் இயங்குகிறது, பொறுப்பு அதிகாரி யார் என்பதைப் பொதுமக்கள் அறிய வெளியிடுங்கள். உரிமைப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, அரசு மருத்துவமனைகளின் புறக்காவல் நிலையங்களிலேயே கிடைக்கச் செய்யுங்கள். 90 நாள் கடந்தும் விரிவான அறிக்கை தாக்கலாகாத வழக்குகளை மாவட்டக் கண்காணிப்பாளர்கள் மாதந்தோறும் நேரில் ஆய்வு செய்ய உத்தரவிடுங்கள்.

இங்ஙனம்,
பாதிக்கப்பட்டோருக்காக வழக்காடும் ஒரு வழக்குரைஞர்